விலாசம் இல்லாத பணம்

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

செட்டிநாட்டில் வலையபட்டி. அங்கே ஒரு பழைய வீடு. திண்ணையில் ஐயா உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். பக்கத்தில் பேரன். அவன் கையில் செல்போன்.

“ஐயா, படம் வரையச் சொல்லித் தருகிற பாடம் ஒன்று இருக்கு. வெளிநாட்டுக்காரர் நடத்துகிறார். பணம் கட்டினால் செல்போனிலேயே படிக்கலாம். ஆனால் ரூபாய் வேண்டாம் என்கிறார். கிரிப்டோவில் அனுப்பச் சொல்கிறார்.”

“அது என்னப்பா?”

“அதுவும் பணம்தான் ஐயா. கம்ப்யூட்டர் பணம்.”

“சரி. அதில் யாருடைய விலாசம் இருக்கு?”

பேரனுக்குப் பதில் தெரியவில்லை.

காட்சி கற்பனை. கேள்வி பழையது. செட்டிநாட்டில் கொடுக்கல் வாங்கல் தெரிந்த எவரும் முதலில் கேட்ட கேள்வி அது. இன்று தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கேட்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

செல்போனில் சினிமா பார்க்கப் பணம் கட்டுகிறோம். பிள்ளைகளின் பாடத்துக்குக் கட்டுகிறோம். விளையாட்டுக்குக் கட்டுகிறோம். கடை வெளிநாட்டில் இருந்தால், சிலர் “ரூபாய் வேண்டாம், கிரிப்டோ கொடு” என்கிறார்கள். கொடுக்கலாமா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

உண்டியல் நடந்த விதம்

உண்டியல் என்றதும் கோயில் உண்டியல் நினைவுக்கு வரும். வணிகர்களின் உண்டியல் வேறு. அது ஒரு காகிதம்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும், இலங்கையிலும், மலாயாவிலும், சிங்கப்பூரிலும் கடை வைத்திருந்தார்கள். ரங்கூனில் முகல் தெருவில் அவர்களுடைய கடைகள் வரிசையாக இருந்தன. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன.

ஒருவர் இங்கிருந்து ரங்கூனுக்குப் பணம் அனுப்ப வேண்டும். கப்பலில் வெள்ளிக் காசை மூட்டை கட்டி அனுப்ப முடியுமா? முடியாது. காரைக்குடியில் ஒரு கடையில் பணத்தைக் கட்டுவார். கடைக்காரர் ஒரு காகிதம் எழுதித் தருவார். “இதைக் கொண்டு வருகிறவருக்கு இவ்வளவு பணம் கொடுக்கவும்” என்று அதில் இருக்கும். அந்தக் காகிதம் தபாலில் ரங்கூனுக்குப் போகும். அங்கே உள்ள கடையின் மேலாள் அதைப் பார்ப்பார். பணத்தை எண்ணிக் கொடுப்பார். இதுதான் உண்டியல்.

அந்தக் காகிதத்தை எப்படி நம்பினார்கள்? அதில் விலாசம் இருந்தது. விலாசம் என்றால் தெருப் பெயரும் கதவு எண்ணும் அல்ல. பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகள். அதுவே கடையின் பெயர். உண்டியல் திரும்பி வந்தால் அந்த விலாசம் கெட்டது. விலாசம் கெட்டவருக்கு மறுபடி யாரும் கடன் தர மாட்டார்கள். ஊரில் தலைகாட்ட முடியாது. பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள்.

தமிழில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் உள்ள காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

விலாசமும் கெட்டதுண்டு

பழையதெல்லாம் பொன் என்று நாம் சொல்ல வரவில்லை. பெரிய விலாசங்களும் கவிழ்ந்திருக்கின்றன.

1906 அக்டோபர் மாதம் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. வெள்ளைக்காரர் நடத்திய பெரிய பேங்கு அது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பணம் முழுகியது. பென்ஷன் வாங்கியவர்கள், விதவைகள், சிறு சேமிப்புக்காரர்கள் எல்லோரும் தெருவில் நின்றார்கள்.

ஆனால் அப்போதும் கேட்பதற்கு ஆள் இருந்தார். கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார். சிறைக்கும் போனார். அடுத்த ஆண்டே, 1907 ஆகஸ்ட் 15-இல், இந்தியன் பேங்கு திறக்கப்பட்டது. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார். நகரத்தார் துணை நின்றார்கள். 1937 பிப்ரவரி 10-இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பேங்கைத் தொடங்கினார். முதல் நாளிலேயே காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் கிளைகள் திறந்தன.

போர்க் காலத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. 1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தார்கள். தங்கள் நோட்டை அச்சடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். அதில் வாழைமரப் படம் இருந்ததால் ‘வாழைமர நோட்டு’ என்று பெயர் வந்தது. 1945-இல் ஜப்பானியர் தோற்றார்கள். அந்த நோட்டு வெறும் காகிதமாகிவிட்டது. அந்த நோட்டை வைத்திருந்தவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

பணம் என்பது ஒரு வாக்கு. வாக்குக் கொடுத்தவன் இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. மூதாதையர் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை இது.

புதிய பணம் எப்படி நடக்கிறது?

இனி கிரிப்டோவைப் பார்ப்போம். இதில் முதலில் பிறந்தது பிட்காயின். 2009 ஜனவரி 3-ஆம் நாள் அது நடப்புக்கு வந்தது. அதை உண்டாக்கியவர் சதோஷி நகமோட்டோ என்று பெயர் சொல்லிக்கொண்டார். அவர் உண்மையில் யார் என்பது இன்று வரை உறுதியாகவில்லை.

அதை ஒரு பெரிய பேரேடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேரேடு ஒருவர் பெட்டியடியில் இல்லை. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அதன் நகல் இருக்கிறது. ஒருவர் மற்றவருக்குப் பணம் அனுப்பினால் எல்லா நகல்களிலும் அந்தப் பற்று வரவு ஏறும். ஏறியதை எவரும் தனியாக அழிக்க முடியாது. பிட்காயின் மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் உண்டாகாது என்றும் விதி இருக்கிறது.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதிலும் ‘விலாசம்’ உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட வரிசை. அந்த விலாசத்துக்குப் பணம் போகும். ஆனால் அதன் பின்னால் இருப்பவர் யார்? எந்த ஊர்? எந்த நாடு? அது அதில் இல்லை.

பணத்தை எடுக்க ஒரு ரகசியச் சாவி வேண்டும். பெரும்பாலும் அது 12 அல்லது 24 சொற்களாக எழுதித் தரப்படும். அதைத் தொலைத்தால் பணமும் தொலைந்தது. வேறு சாவி செய்து தர எந்த மேனேஜரும் இல்லை. தவறான விலாசத்துக்கு அனுப்பிவிட்டால், வாங்கியவர் மனம் வைத்துத் திருப்பி அனுப்பினால்தான் உண்டு.

கடைக்காரரே கைவிட்ட கதை

“பெரிய கம்பெனிகள் வாங்குகின்றனவே?” என்று சிலர் கேட்பார்கள். நடந்த கதையைக் கேளுங்கள்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ஒரு பெரிய அமெரிக்கக் கடை ஸ்டீம். 2016 ஏப்ரல் மாதம் அது பிட்காயினை வாங்கத் தொடங்கியது. அப்போது ஒரு தடவை பணம் அனுப்ப ஏறக்குறைய 20 சென்ட் கட்டணம் ஆனது. 2017-இன் கடைசியில் அந்தக் கட்டணம் ஏறக்குறைய 20 டாலர் ஆகிவிட்டது. நூறு மடங்கு! இருபது டாலர் விளையாட்டை வாங்க இன்னொரு இருபது டாலர் கூலி.

இன்னொரு தொல்லையும் வந்தது. வாங்குபவர் பணம் அனுப்புவார். அது பேரேட்டில் ஏறுவதற்குள் பிட்காயினின் விலை இறங்கிவிடும். “பணம் குறைகிறது, மீதியை அனுப்புங்கள்” என்று கடை கேட்கும். மீதியை அனுப்ப மறுபடியும் கூலி! 2017 டிசம்பரில் ஸ்டீம் பிட்காயினை நிறுத்திவிட்டது.

விலை எப்படி ஆடுகிறது பாருங்கள். 2010 மே 22-ஆம் நாள் அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். 2021 நவம்பரில் ஒரே ஒரு பிட்காயின் சுமார் 69,000 டாலருக்குப் போனது. ஒரே ஆண்டில் 17,000 டாலருக்கும் கீழே விழுந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது.

விலை ஏறும் என்று நினைப்பவன் அதைச் செலவு செய்ய மாட்டான். இறங்கும் என்று நினைப்பவன் அதை வாங்க மாட்டான். பிறகு கடைத்தெருவில் அது எப்படி நடமாடும்?

டாலரோடு விலை கட்டிவைத்த காசுகளும் உண்டு. அவற்றின் விலை ஆடாது என்றார்கள். அப்படிப்பட்ட காசுகளில் ஒன்றான டெரா 2022 மே மாதம் ஒரு சில நாட்களில் சரிந்து விழுந்தது.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் கிரிப்டோவுக்குத் தடை இல்லை. 2018-இல் ரிசர்வ் பேங்கு, இந்த வியாபாரத்துக்கு பேங்குகள் துணை போகக் கூடாது என்று கட்டளையிட்டது. 2020 மார்ச் 4-இல் சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கட்டளையை ரத்து செய்தது.

தடை இல்லை என்பதால் அது ரூபாய்க்குச் சமம் ஆகிவிடாது. ரூபாய் நோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரிசர்வ் பேங்கு கவர்னரின் கையெழுத்து இருக்கும். “தருகிறேன்” என்ற வாக்கு இருக்கும். அதுதான் ரூபாயின் விலாசம்.

வரியையும் கவனியுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. விற்றால்தான் வரி என்று நினைக்காதீர்கள். அதைக் கொடுத்து வேறொன்றை வாங்கினாலும் கைமாறியதாகவே கணக்கு.

ஒரு கணக்குப் போடுவோம். 600 ரூபாய்க்குக் காசு வாங்கினீர்கள். விலை ஏறி அது 1,000 ரூபாய் ஆயிற்று. அதைக் கொடுத்து ஒரு பாடம் வாங்கினீர்கள். லாபம் 400. வரி 120 ரூபாய். அதன் மேல் கூடுதல் தீர்வையும் உண்டு. விலை இறங்கி நட்டம் வந்தால்? அந்த நட்டத்தை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. மாதம் ஒரு முறை சினிமா பார்க்கப் பணம் கட்டினால், மாதம் ஒரு முறை இந்தக் கணக்கு எழுத வேண்டும். எந்தக் குடும்பத்துக்கு இது சரிப்படும்?

களவு போனால்?

2024 ஜூலை 18-ஆம் நாள் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையில் பெரிய களவு நடந்தது. சுமார் 23 கோடி டாலர் போய்விட்டது. நம் பணத்தில் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய். வாடிக்கையாளர்கள் தங்கள் காசை எடுக்க முடியாமல் சந்தை நிறுத்தப்பட்டது. வழக்கு சிங்கப்பூர் கோர்ட்டுக்குப் போனது. ஒரு வருடத்துக்கு மேல் மக்கள் காத்துக் கிடந்தார்கள்.

சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்மணி சுமார் 2 லட்சம் ரூபாய்க்கு வேறு வகைக் காசு வாங்கி அந்தச் சந்தையில் வைத்திருந்தார். களவு போனது அவர் வைத்திருந்த வகை அல்ல. ஆனாலும் அவர் கணக்கும் முடக்கப்பட்டது. அவர் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புச் சொன்னார். கிரிப்டோ என்பது பணம் அல்ல, ஆனால் அது ஒருவரின் சொத்து என்றார். அந்தச் சொத்துக்குப் பாதுகாப்பும் கொடுத்தார்.

நல்ல தீர்ப்பு. வரவேற்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். தம் சொந்தக் காசுக்காக ஒருவர் ஹைகோர்ட்டு ஏற வேண்டியதாயிற்று. முந்நூறு ரூபாய்ப் பாடத்துக்குப் பணம் கட்டி ஏமாந்த பையன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

பேங்கில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பேங்கு உங்கள் குறையை 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் பேங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. இந்தப் பாதுகாப்பெல்லாம் சும்மா வந்ததல்ல. ஆர்பத்நாட் போன்ற பல முறிவுகளில் மக்கள் சிந்திய கண்ணீருக்குப் பிறகு வந்தவை. கிரிப்டோவில் இவற்றில் ஒன்றும் இல்லை. நாம் 1906-க்குத் திரும்பிப் போக வேண்டுமா?

எதிர்க்கட்சியின் வாதம்

கிரிப்டோவை ஆதரிப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லவேண்டும்.

2012-இல் வேர்ட்பிரஸ் என்ற எழுத்துச் சேவை பிட்காயினை ஏற்றது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் நல்ல காரணம். உலகில் பல நாடுகளில் மக்களிடம் கிரெடிட் கார்டு இல்லை. சில நாடுகளுக்குப் பணக் கம்பெனிகள் கதவை மூடிவிட்டன. அந்த நாடுகளில் பிறந்த குற்றத்துக்காக ஒருவர் பணம் கட்ட முடியாமல் போகலாமா என்று கேட்டார்கள்.

நம் நாட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் போவதற்கு ரிசர்வ் பேங்கு கடுமையான விதி வைத்தது. மக்களுக்குத் தெரியாமல் பணம் பிடிக்கப்படக் கூடாது என்பதே நோக்கம். நோக்கம் நல்லது. ஆனால் பல வெளிநாட்டுச் சேவைகளுக்குப் பணம் கட்டுவது அதனால் தடைப்பட்டது. எல்லாப் பேங்குக் கார்டுகளும் வெளிநாட்டில் செல்லுவதும் இல்லை. செல்லும் கார்டுக்கும் கூடுதல் கட்டணம் பிடிக்கிறார்கள். படிக்க விரும்பும் கிராமத்துப் பிள்ளை என்ன செய்வான்? கிரிப்டோவின் பக்கம் பார்க்கத்தான் செய்வான்.

ஆகவே பிள்ளையை மட்டும் திட்டிப் பயன் இல்லை. நேர்வழி குறுகலாக இருந்தால் குறுக்கு வழியில் கூட்டம் சேரும்.

மோசக்காரனுக்கு வசதி

நேர்மையான சேவைகள் சிலவும் கிரிப்டோ வாங்குகின்றன. ஆனால் அவை ஒரு வழியாகத்தான் அதை வைத்திருக்கின்றன. கார்டிலும் வாங்குவார்கள்.

“கிரிப்டோ மட்டும்தான் வாங்குவேன்” என்று ஒருவன் சொன்னால் உஷார்! “வீட்டில் இருந்தே வேலை, முதலில் கொஞ்சம் காசு கட்டுங்கள்” என்பவன் அதைத்தான் கேட்கிறான். “பணத்தை இரட்டிப்பாக்குகிறேன்” என்பவனும் அதைத்தான் கேட்கிறான். ஏன்? போன காசைப் பேங்கு தடுக்க முடியாது. வாங்கியவனின் முகம் தெரியாது. அவனுக்கு அதுதான் வேண்டும்.

பேங்கு வழியாகப் போன பணத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஏமாந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க முயலுவார்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறோமோ அவ்வளவுக்குப் பணம் மிஞ்சும்.

என்ன செய்ய வேண்டும்?

குடும்பங்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்.

ஒன்று: செல்போனில் எதற்குப் பணம் கட்டினாலும் ரூபாயில் கட்டுங்கள். பேங்கு, கார்டு, யுபிஐ ஆகிய வழிகளில் கட்டுங்கள்.

இரண்டு: கிரிப்டோ மட்டும் கேட்பவனிடம் எதையும் வாங்காதீர்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்று: யுபிஐ ரகசிய எண்ணையோ, போனில் வரும் ஒரு தடவை எண்ணையோ யாரிடமும் சொல்லாதீர்கள். நாமே சாவியைக் கொடுத்துவிட்டால் எந்தப் பேங்கும் காப்பாற்றாது.

நான்கு: பிள்ளைகளை அதட்டி வாயை மூடாதீர்கள். அதட்டினால் அடுத்த முறை சொல்லாமலே அனுப்பிவிடுவார்கள்.

அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்லுகிறோம். 2016-இல் பிறந்த யுபிஐ இன்று பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் அதில் 2,000 கோடி தடவைக்கு மேல் பணம் கைமாறியது. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் முறையோடு அது இணைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீஷியஸிலும் நடப்புக்கு வந்தது. ஒரு காலத்தில் உண்டியல் போன பாதையில் இன்று யுபிஐ போகிறது!

அந்தப் பாதை இன்னும் அகலமாகட்டும். வெளிநாட்டில் உள்ள பாடத்துக்கும், புத்தகத்துக்கும், மென்பொருளுக்கும் நூறு இருநூறு ரூபாயை யுபிஐ மூலமே கட்ட வழி செய்யுங்கள். சிறு தொகைக்குக் கட்டணம் வேண்டாம். ரிசர்வ் பேங்கு 2022 டிசம்பர் 1 முதல் சோதித்துவரும் டிஜிட்டல் ரூபாயையும் இதற்குப் பயன்படுத்தலாம். அதில் ரிசர்வ் பேங்கின் விலாசம் இருக்கிறது.

புதுமையை நாம் வெறுக்கவில்லை. காகிதத் துண்டைக் கொடுத்துக் கடல் கடந்து பணம் வாங்கியவர்களின் ஊர் இது. கம்ப்யூட்டர் காசைக் கண்டு நாம் மிரளத் தேவையில்லை. ஆனால் உண்டியலை வாங்கிய மேலாள் தொகையைப் பார்க்கும் முன் விலாசத்தைப் பார்த்தார். செல்போனில் விரலை வைக்கும் முன் நாமும் அதையே பார்ப்போம்.

பணம் யாருக்குப் போகிறது? தவறினால் யாரைக் கேட்பது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அனுப்புங்கள். தெரியாவிட்டால் செல்போனைக் கீழே வையுங்கள்.